தண்ணீர் தந்தார், பதில் தந்தாரா?

2004 ஜூனில் லண்டன் பி.பி.சி. ஒரு படம் காட்டிற்று. புட்டபர்த்தி சாயிபாபாவைப் பற்றிய படம். இளம் பக்தர்களிடம் அவர் தகாத முறையில் நடந்தார் என்று, அவரை அண்டியிருந்தவர்களே அதில் சொன்னார்கள். அபாண்டம் என்று கொதித்தனர் அடியார்கள்.

படம் வருமுன்பே, 2001 டிசம்பரில், அன்றைய பிரதமர் வாஜ்பாயும் முன்னாள் தலைமை நீதிபதிகள் இருவரும் கையொப்பமிட்டு, இத்தகைய புகார்களெல்லாம் கட்டுக்கதை என்று கடிதம் விடுத்திருந்தனர். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு! எழுதிப் பழகிய கை போலும்!

அவர்கள் கிடக்கட்டும். நம்மை உறுத்துவது, கோவில்பட்டித் தோழர்களே கேட்கும் கேள்விதான்: "அண்ணே, அந்த மனுசன் தண்ணி கொடுத்தாரே?"

கொடுத்தார். வறண்ட அனந்தப்பூருக்குக் கொடுத்தார். சென்னைக்குக் கிருஷ்ணா நீர் வரும் கால்வாயைச் செப்பனிடப் பணம் கொடுத்தார். 2007 ஜனவரியில் கலைஞரே மேடையில் உடனமர்ந்து பாராட்டினார். பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் வெந்துவிட்டு, இரவில் தாமிரவருணித் தண்ணீருக்காகக் குழாயடியில் குடத்தோடு காத்து நிற்பவள் நம் தாய். அவள் பெற்ற கரிசல்காட்டுப் பிள்ளைக்கு, தண்ணீர் தந்தவரைக் குறைகூற நா எழுமா? எழாதுதான்.

ஆனால் தோழா, ஊருணி வெட்டியவர் மீது ஒருவன் புகார் கொண்டுவந்தால், "ஊருணி வெட்டியவராயிற்றே" என்று ஏட்டையா காகிதத்தைக் கிழித்துப் போடலாமா? ஊருணிக்கு நன்றி சொல்வோம், புகாரையும் விசாரிப்போம். பொய்யானால் பாபாவின் பெயருக்கல்லவா அது நல்லது?

2011 ஏப்ரலில் அவர் மறைந்தார். இந்திய நீதிமன்றம் எதுவும் அந்தப் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. மெய்யென்றும் தெளியவில்லை, பொய்யென்றும் தெளியவில்லை. படத்தில் பேசிய இளைஞர்களுக்கு இப்போது தலை நரைத்திருக்கும்.