கை நீட்டாத காளி

புரட்டாசி பிறந்தால் உடன்குடிப் பக்கம் கடைகளில் காளி கிரீடமும் சடைமுடியும் தொங்கத் தொடங்கிவிடும். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா வந்துவிட்டது. பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரத்தைத்தான் தொலைக்காட்சிகள் காட்டும். யானைத் தலை, சிங்கத் தலை என்று மகிஷாசுரன் மாறி மாறி வர, அம்மன் சூலத்தால் வீழ்த்தும் காட்சி அது. ஆனால் இந்தத் திருவிழாவின் உயிர் அதற்கு முந்தைய நாட்களில், தெருக்களில் இருக்கிறது.

நோய் தீர வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதம் இருக்கிறார்கள். காளி வேடத்துக்கு 41 நாள் விரதம் இருப்பவர்களும் உண்டு. கொடியேறியதும் காப்புக் கட்டி வேடம் போடுகிறார்கள். ராஜா, குறத்தி, போலீஸ், கரடி, பிச்சைக்காரர் என்று வேடம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். வீடு வீடாகத் தர்மம் எடுத்து, சேர்ந்ததை அம்மன் உண்டியலில் செலுத்த வேண்டும்.

முகச்சாயம் வேர்வையில் கழுத்துவரை வழிய, பாரமான கிரீடத்தோடு காளி வாசலில் வந்து நிற்கிறார். பத்து ரூபாயைத் தட்டில் போட்ட பாட்டி, "தாயே, பேரனுக்குத் திருநீறு பூசிவிடு" என்று குனிகிறார். அந்தத் தாய் நேற்றுவரை பக்கத்துத் தெருக் கொத்தனார். சொந்தமாகக் கடை வைத்திருப்பவரும் இந்த நாட்களில் தட்டேந்தித்தான் ஆக வேண்டும். அடுத்தவர் வாசலில் கை நீட்டி நிற்பது, பட்டினி கிடப்பதைவிடக் கடுமையான விரதம்.

அந்த விரதம்தான் இப்போது கரைகிறது. வேடம் போடுபவர்கள் ஊர் ஊராகச் சேர்ந்து நடத்தும் தசரா குழுக்கள் பெரிதாகிவிட்டன. லாரியில் ஒலிபெருக்கி, வண்ண விளக்கு, வெளியூரிலிருந்து கூலிக்கு ஆடவருபவர்கள் என்று செலவு ஏறுகிறது. செலவை ஈடுகட்ட நன்கொடை ரசீதுப் புத்தகம் கடைகளுக்குப் போகிறது. காளி லாரியில் போகிறார். இந்த விழாவில் ஆபாச ஆட்டத்துக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. நடை குறைவதற்கு எந்த நீதிமன்றம் தடை போடும்?

ஆட்டம் பாட்டம் இருந்தால்தான் இளைஞர்கள் வருவார்கள் என்கிறார்கள் சிலர். வரட்டும். ஆனால் வந்தவர்கள் தட்டேந்தி நான்கு தெருவாவது நடக்கட்டும். அடுத்த தசராவுக்கு ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், எந்தத் தெருவுக்கு யார் போவது என்பதைக் குழுக்கள் முடிவுசெய்துகொள்ளட்டும். பத்து ரூபாயை முடிந்துவைத்துக்கொண்டு காத்திருக்கும் பாட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.