வரையலாம் வாங்க – 9: மூன்றாவது கை

வெளியே வரையக் கிளம்புகிறவர்கள் பையின் எடையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எனக்கு எடை இரண்டாம்பட்சம். ஒரு கை புத்தகத்துக்கு, ஒரு கை பிரஷுக்கு. வண்ணப் பெட்டி, தண்ணீர், துடைக்கிற துணி இதெல்லாம் யார் கையில்? இதற்குப் பதில் வைத்துக்கொண்டு பையைக் கட்டுங்கள்.

கோயில் மண்டபம் என்றால் பிரச்சினையே இல்லை. தரையில் சம்மணம் போட்டு, சாமான்களைச் சுற்றிப் பரப்பிக்கொள்ளலாம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு அப்படியல்ல. சாலையோரப் பாறை, முன்னால் ஓயாத கூட்டம், நின்றுகொண்டேதான் வரைய வேண்டும். பாறை கிழக்கு பார்த்தது. காலையில் வெயில் ஏற ஏற யானைகளின் வயிற்றுக்குக் கீழே நிழல் கறுக்கும். மதியம் தாண்டினால் பாறை முழுக்க நிழலுக்குள் போய்விடும். பையைத் துழாவிக்கொண்டிருக்க நேரமில்லை.

பாறையின் அகலம் 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்காகப் பெரிய அட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். குறுக்குவாட்டு ஏ5 புத்தகத்தை விரித்தால் 42 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தாள் கிடைக்கிறது, தாராளம். வண்ணப் பெட்டியை அதன் இடது ஓரத்திலேயே பைண்டர் கிளிப்பால் மாட்டிவிடுவேன். வலது ஓரத்துக்கு இன்னொரு கிளிப், கடற்காற்றுக்கு. பழைய பனியன் துண்டு ஒன்று இடது மணிக்கட்டில், ரப்பர் பேண்டுக்குள். பென்சில் சட்டைப்பையில்.

தண்ணீர்தான் தலைவலி. கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் வாட்டர் பிரஷ் இருந்தால் டம்ளர் வேண்டாம். ஆனால் அது சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கும். அகலமான வானத்தை அதை வைத்துப் பூச முடியாது. நான் வானத்தை வெள்ளையாக விட்டுவிடுவேன்.

நிறங்களில் கஞ்சத்தனம் நல்லது. அந்தக் கருங்கல்லுக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் போதும். இரண்டும் கலந்தால் சாம்பல். நீலம் தூக்கலாக இருந்தால் நிழல், பழுப்பு தூக்கலாக இருந்தால் வெயில் பட்ட கல். மரத்துக்கு ஒரு மஞ்சள் சேர்த்துக்கொள்ளுங்கள். 24 நிறப் பெட்டி கடைக்காரருக்கு லாபம்.

எண்ணெய் வண்ணக்காரர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நாம் ராஜாக்கள். ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-ல் தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கும்வரை, குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித்தான் வெளியே எடுத்துப் போனார்கள். குத்திப் பிதுக்கிய ஓட்டையைப் பிறகு சரியாக அடைக்கவும் முடியாது.

நம் பெட்டிக்கு ட்யூப் வண்ணத்தைச் சின்னக் கிண்ணங்களில் பிதுக்கிக் காயவைத்து எடுத்துப் போனால் போதும், பைக்குள் கசியாது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மூடிப் போட்டுவிடாதீர்கள். வாட்டர் கலரைப் பிணைப்பது மரப்பிசின். ஈரம் காக்கப் பலர் அதில் தேனோ கிளிசரினோ சேர்க்கிறார்கள். ஐப்பசி மழையில் பூஞ்சைக்கு அது விருந்து. ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் காலையில் மூடுங்கள். பிரஷில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள்.

அடுத்த வாரம் தாள்: 300 ஜிஎஸ்எம் அவ்வளவு அவசியமா?