ஒபெலிஸ்க்: இறைச்சிக் கம்பியின் பெயர் பெற்ற தெய்வம்

ஜப்பானிய ஓவியக் கதைஞர் கசுகி தகஹாஷி 1996ஆம் ஆண்டு தொடங்கிய ‘யூகியோ’ சித்திரக் கதையிலிருந்து பிறந்த சீட்டு விளையாட்டில், எகிப்தியக் கடவுளர் எனப்படும் மூன்று சீட்டுகளுள் இரண்டு, ஜப்பானிய மூலத்தில் ஒசைரிஸ், ரா என்னும் மெய்யான தெய்வங்களின் பெயரைத் தாங்கியிருக்க, 4000 தாக்குதல் வலிமையுடைய நீலநிறப் பேருருவான ஒபெலிஸ்க் மட்டும் ஒரு கல்தூணின் பெயரையே பெற்றிருக்கிறது. ஒரே கல்லில் நான்கு பட்டைகளாகச் செதுக்கப்பட்டு, மேலே செல்லச் செல்லக் குறுகிக் கூம்பாக முடியும் அத்தூணை எகிப்தியர் ‘தெகென்’ என்றழைத்தனர். அதைக் கண்ட கிரேக்கரோ, இறைச்சியைக் கோத்து நெருப்பில் வாட்டும் கம்பியைக் குறிக்கும் ‘ஒபெலோஸ்’ என்னும் சொல்லின் சிறுமை வடிவமான ‘ஒபெலிஸ்கோஸ்’, அதாவது ‘சிறு கம்பி’, என்னும் அடுக்களைப் பெயரை அதற்கு இட்டனர். வான் நோக்கி நிமிர்ந்த மலையனைய கல்லுக்கு இத்தனை எளிய பெயர் வாய்த்தது மொழி வரலாற்றின் அரிய அழகுகளுள் ஒன்று.

ஆயினும் விளையாட்டை வடித்தவர்கள் அத்தூணைத் தெய்வமாக்கியது பொருத்தமற்றதன்று. ஏனெனில் தூணின் உச்சிக் கூம்பு, ஆதி வெள்ளத்திலிருந்து முதன்முதலாக எழுந்ததாக எகிப்தியர் நம்பிய ‘பென்பென்’ என்னும் மேட்டை நினைவூட்டியதோடு, பொன்னும் வெள்ளியும் கலந்த தகடு போர்த்தப்பட்டு, விடியற்காலைக் கதிரை முதலில் ஏந்தி, சூரியக் கடவுளான ராவின் இருப்பிடமாகவே மின்னியது. ஆனால் இத்தகைய தூண்கள் எல்லாம் நிமிர்ந்து நின்றுவிடவில்லை: எகிப்தின் அஸ்வான் கற்சுரங்கத்தில், ஏறத்தாழ 42 மீட்டர் நீளமுள்ள ஒரு தூண், செதுக்கும்போதே விரிசல் கண்டதால் கைவிடப்பட்டு, பாறையோடு ஒட்டியபடி இன்றும் படுத்துக் கிடக்கிறது.