படிவம் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்களா?

ஆலையிலே நெய்த துணியை முழம் போட்டு அளக்கலாம். அடிபட்ட குழந்தையின் அச்சத்தை எந்தக் கோல் கொண்டு அளப்பது? அளந்தே தீருவோம் என்று கிளம்பிற்று பிரிட்டிஷ் சர்க்கார். விளைந்தது என்ன?

அந்நாட்டில் சமூகப் பணியாளர்கள் பெரும்பாலும் உள்ளூராட்சி ஊழியர்கள். குழந்தைகள், முதியோர் வீடு தேடிச் சென்று துணை நிற்பது அவர்கள் வேலை. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே வியாபாரத் தராசை நுழைத்தது. முதியோருக்குத் துணை நின்றவர், சேவையை விலைபேசி வாங்கித் தரும் மானேஜர் ஆனார். குழந்தைகள் பகுதியிலோ, முதல் விசாரணை 7 வேலை நாளில், முழு விசாரணை 35 நாளில் என்று கெடு வந்தது.

2000-இல் லண்டன் ஹாரிங்கே பகுதியில் வசித்த எட்டு வயது விக்டோரியா கிளிம்பி, வளர்த்தவர்களாலேயே வதைபட்டு மாண்டாள். காப்பாற்ற 12 வாய்ப்புகள் இருந்தன என்றது 2003-இல் வெளியான லாமிங் விசாரணை அறிக்கை. சர்க்கார் கண்ட மருந்து? கம்ப்யூட்டர் படிவங்கள்!

அதே ஹாரிங்கே, 2007 ஆகஸ்ட். பீட்டர் என்ற 17 மாதக் குழந்தை உடலெங்கும் காயங்களோடு இறந்தது. எட்டு மாதங்களில் ஊழியர்களும் டாக்டர்களும் சுமார் 60 முறை பார்த்த குழந்தை! அந்த ஆண்டின் இறுதியில், ஏடுகளை ஆராய்ந்த மேற்பார்வை நிறுவனம் அந்த இலாகாவுக்குத் தந்த மதிப்பு என்ன தெரியுமா? 'நன்று'! மறு ஆண்டு நேரில் சென்று பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. தலைவரும் நீக்கப்பட்டார், ஊழியரும் நீக்கப்பட்டனர். படிவ முறை மட்டும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஊழியர் தவறே செய்யார் என்றும் வாதிடவில்லை. ஆனால் கணக்கு எஜமானனாகி, மனிதன் அதற்கு ஏவலாளாகலாமா?

சர்க்காரே நியமித்த பேராசிரியை ஐலீன் மன்றோவும் 2011-இல் இதைத்தான் எடுத்துரைத்தார். விதிப்படி நடந்தோமா என்ற கவலை, குழந்தைக்கு நன்மை செய்தோமா என்ற கேள்வியை விழுங்கிவிட்டது என்பதே அவர் அறிக்கையின் சாரம். கெடுக்களை நீக்கச் சொன்னார். 2013-இல் இரண்டு கெடு போயிற்று. 45 நாள் என்று ஒரே கெடு வந்தது!

கெடுவும் மேஸ்திரியின் குறிப்பேடும் உழைப்பவனை என்ன செய்யும் என்று தொழிலாளத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஊழியர் தலையில் ஏற்றும் குடும்பங்களைக் குறையுங்கள். குழந்தையோடு உட்கார்ந்து பேச நேரம் கொடுங்கள். களத்தில் நிற்பவர் சொல்லுக்குச் செவி சாயுங்கள். அதுவே சீர்திருத்தம். மற்றதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது!