ஆற்றில் தொடங்கும் காப்பியம்

கம்பராமாயணத்தில் இராமனைத் தேடும் மாணவர்க்கு அதன் தொடக்கம் வியப்பளிக்கும். வான்மீகி, குணத்திற் சிறந்தவன் யார் என்று நாரதரிடம் வினவுவதிலிருந்து காப்பியத்தைத் தொடங்குகிறார். கம்பரோ கடவுள் வாழ்த்தும் அவையடக்கமும் உரைத்தபின் சரயு ஆற்றைப் பாடுகிறார். ஆற்றுப்படலத்தை அடுத்து நாட்டுப்படலமும் நகரப்படலமும் அமைகின்றன. இராமன் பிறப்பது திருஅவதாரப் படலத்தில்தான்.

இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. மேகம் கடல்நீரைப் பருகி மலையிற் பொழிகிறது. வெள்ளம் திணைகள் பல கடந்து வயலை அடைகிறது. நீரால் நாடும், நாட்டால் நகரும், நகரால் அரசும் சிறக்கின்றன.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர் இதனை எளிதில் உணர்வர். சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடந்து காவிரியில் கலக்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை உழவர் நாள்தோறும் கேட்டறிகின்றனர். ஆறு வறண்டால் ஊர் வாடும் என அறிந்தவர்க்கு ஆற்றுப்படலம் வெறும் வருணனையன்று.

ஒரே வெள்ளம் பல நீர்நிலைகளில் பரவுவதை, பல சமயங்களும் பலவாறு உரைக்கும் ஒரே பரம்பொருளுக்குக் கம்பர் ஒப்பிடுகிறார். தலைவனைக் காட்டுமுன் அவன் காக்கவேண்டிய மண்ணையும் மக்களையும் காட்டுவதே அவர்தம் தொடக்கத்தின் சிறப்பாகும்.