பாப்பாவுக்கு எந்தப் பால்?

பசுவின் பால் வெள்ளை. எருமையின் பாலும் வெள்ளை. ஆட்டுப் பாலும் அப்படியே. டின்னில் வரும் பால் மாவை நீரில் கரைத்தாலும் அதே வெள்ளைதான். ஆகவே, "பால் என்றால் எல்லாம் பால்தானே! தாய்ப்பாலைக் குறைக்கத் தொடங்கும்போது எதையாவது ஒன்றைக் கொடுத்தால் போயிற்று" என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு தம்பிப் பாப்பாவோ தங்கைப் பாப்பாவோ இருக்கலாம். அடுத்த வீட்டிலாவது இருக்கும். "இனி இதற்கு எந்தப் பால் கொடுப்பது?" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதையும் கேட்டிருப்பீர்கள். இதற்கு விடை காண வேண்டுமானால் முதலில் வேறொரு கேள்வி கேட்க வேண்டும். பால் எதற்காகச் சுரக்கிறது?

கன்றின் வேகம், குழந்தையின் வேகம்

ஸ்விட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் குஸ்தாவ் ஃபொன் புங்கே என்ற உடலியல் அறிஞர் இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவர் ஓர் எளிய கணக்கைப் போட்டார். ஒவ்வொரு விலங்கின் குட்டியும் பிறந்த எடையைப் போல் இருமடங்கு ஆவதற்கு எத்தனை நாட்கள் ஆகின்றன? அந்த விலங்கின் பாலில் புரதம் எவ்வளவு இருக்கிறது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

முயல் குட்டிக்கு சுமார் 6 நாட்கள் போதும். முயல் பாலில் புரதம் 10 சதவீதத்துக்கும் மேல். கன்றுக்குட்டிக்கு சுமார் 47 நாட்கள். பசும்பாலில் புரதம் 3 சதவீதத்துக்குச் சற்று அதிகம். மனிதக் குழந்தைக்கோ ஏறக்குறைய 5 மாதங்கள் ஆகின்றன. தாய்ப்பாலில் புரதம் 1 சதவீதம் அளவில்தான்.

உண்மை புலப்படுகிறதல்லவா? வேகமாக வளரும் குட்டிக்குச் செறிவான பால். மெதுவாக வளரும் குட்டிக்கு இலேசான பால். துருவக் கடலின் பனிக்கட்டிகள் மீது குட்டி ஈனும் ஒருவகைச் சீல், நான்கே நாட்கள்தான் பாலூட்டுகிறது. அந்தப் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு! பனி உருகுவதற்குள் குட்டி கொழுத்தாக வேண்டுமே. ஆக, ஒவ்வொரு பாலும் ஒரு குறிப்பிட்ட குட்டிக்காகவே இயற்கை தயாரித்த உணவு.

எண்கள் சொல்வது என்ன?

நம் ஊரில் கிடைக்கும் பால்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் 100 கிராம் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்:

தாய்ப்பால்: புரதம் 1.1 கிராம், கொழுப்பு 3.4 கிராம், சர்க்கரை 7.4 கிராம், சுண்ணாம்புச்சத்து 28 மில்லிகிராம், 65 கலோரி.
பசும்பால்: புரதம் 3.2 கிராம், கொழுப்பு 4.1 கிராம், சர்க்கரை 4.4 கிராம், சுண்ணாம்புச்சத்து 120 மில்லிகிராம், 67 கலோரி.
ஆட்டுப்பால்: புரதம் 3.3 கிராம், கொழுப்பு 4.5 கிராம், சர்க்கரை 4.6 கிராம், சுண்ணாம்புச்சத்து 170 மில்லிகிராம், 72 கலோரி.
எருமைப்பால்: புரதம் 4.3 கிராம், கொழுப்பு 6.5 கிராம், சர்க்கரை 5 கிராம், சுண்ணாம்புச்சத்து 210 மில்லிகிராம், 117 கலோரி.

பசும்பாலில் புரதம் தாய்ப்பாலைப் போல் மூன்று மடங்கு. "அதிகம் இருந்தால் நல்லதுதானே?" என்று கேட்கத் தோன்றும். பச்சிளங்குழந்தைக்கு அது நல்லதன்று. உடல் பயன்படுத்தியது போக மீந்த புரதம் யூரியாவாக மாறுகிறது. மீந்த உப்புக்களோடு சேர்த்து அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அதற்கு நிறைய நீர் செலவாகும். முதிராத சின்னஞ்சிறு சிறுநீரகத்துக்குப் பசும்பால் தரும் சுமை, தாய்ப்பால் தருவதைப் போல் சுமார் மூன்று மடங்கு. கோடை வெயிலிலோ, பேதியின்போதோ குழந்தையின் உடலில் நீர் வற்றினால் இந்தச் சுமை ஆபத்தாக முடியும்.

செய்து பாருங்கள்

ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான பசும்பாலில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக் கலக்குங்கள். சற்று நேரத்தில் பால் திரியும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். துணியில் தங்கும் வெள்ளைக் கட்டியில் இருக்கும் முக்கியப் புரதம் கேசீன். கீழே வடியும் மஞ்சள் கலந்த தெளிநீரில் கரைந்த புரதங்கள் இருக்கின்றன.

பசும்பாலின் புரதத்தில் 100-க்கு 80 பங்கு கேசீன். தாய்ப்பாலிலோ சுமார் 40 பங்குதான். மற்றவை தெளிநீரில் நிற்கும் புரதங்கள். வயிற்றின் அமிலத்தில் பசும்பால் கெட்டியான கட்டியாகத் திரிகிறது. தாய்ப்பால் மென்மையான, சிறு சிறு திரள்களாகத் திரிந்து எளிதில் செரிக்கிறது.

தண்ணீர் கலந்தால் சரியாகிவிடாதா?

நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம். பசும்பாலில் சம அளவு நீர் கலந்தால் புரதம் 1.6 கிராமாகக் குறைகிறது, பரவாயில்லை. ஆனால் கலோரியும் 67-லிருந்து 33.5 ஆகிவிடுகிறதே! ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி தேவை என்று கொள்வோம். தாய்ப்பால் என்றால் சுமார் 770 கிராம் போதும். நீர் கலந்த பாலில் அதே கலோரி கிடைக்க ஏறக்குறைய ஒன்றரை கிலோ குடிக்க வேண்டும். கைப்பிடி அளவு வயிறு அதற்கு இடம் கொடுக்குமா? வயிறு நிறையும், உடல் பசியோடு இருக்கும். அழாத குழந்தை மெலிந்துகொண்டே போவதன் இரகசியம் இதுதான்.

டின் பால் மாவுக்கும் இதே கணக்குப் பொருந்தும். டின்னுக்குள் ஓர் அளவுக் கரண்டி இருக்கும். இத்தனை நீருக்கு இத்தனை கரண்டி என்று வெளியே அச்சிட்டிருக்கும். விலை அதிகமாயிற்றே என்று ஒரு டின்னை இரண்டு டின் நாட்களுக்கு இழுத்தால், குழந்தைக்குக் கிடைப்பது பாதி உணவுதான்.

இரும்பு எங்கே?

பாலை "முழு உணவு" என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அதில் ஒரு பெரிய குறை உண்டு. இரும்புச்சத்து எந்தப் பாலிலும் மிகக் குறைவு. தாய்ப்பாலில் உள்ள கொஞ்சம் இரும்பில் பாதியளவு குழந்தையின் உடலில் சேர்ந்துவிடுகிறது. பசும்பாலின் இரும்பில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே பெரிது. பசும்பாலின் சுண்ணாம்புச்சத்தும் கேசீனும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் தடுக்கின்றன. போதாதற்கு, ஒரு வயதுக்கு முன் பசும்பாலையே முக்கிய உணவாகக் குடிக்கும் குழந்தைகள் சிலருக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசிகிறது.

நல்ல வேளையாக, பிறக்கும்போதே குழந்தை தன் உடலில் இரும்பைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு சுமார் ஆறு மாதங்களுக்குக் காணும். பிறகு உணவிலிருந்துதான் வர வேண்டும். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு இரத்தசோகை. இரத்தசோகை முகத்தை வெளுக்கச் செய்வதோடு நிற்பதில்லை. வளரும் மூளையையும் அது பாதிக்கிறது.

ஆடு, எருமை, டின்

"ஆட்டுப்பால் இலேசானது" என்று சொல்வதுண்டு. மேலே உள்ள எண்களைப் பாருங்கள். பசும்பாலைவிட அது இலேசானதன்று. அதில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் மிகக் குறைவு. ஆட்டுப்பாலை மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு வந்த ஒருவகை இரத்தசோகையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பிய மருத்துவர்கள் கண்டார்கள்.

எருமைப்பால் எல்லாவற்றிலும் கெட்டியானது. ஆனால் இந்தியாவில் நிறையக் கிடைப்பதும் அதுவே. அதைக் குழந்தைக்கு ஏற்ற மாவாக மாற்றும் முறையை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள பால் கூட்டுறவு நிறுவனம் அதைப் பெருமளவில் தயாரித்தது. இத்தகைய மாவில் கொழுப்பையும் உப்பையும் திருத்தி, இரும்பும் வைட்டமின்களும் சேர்க்கிறார்கள். இதனால் குழந்தைப் பால் மாவு, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சாதாரணப் பாலைவிடப் பொருத்தமானது. ஆயினும் தாய்ப்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருட்களை எந்தத் தொழிற்சாலையாலும் முழுமையாகச் செய்ய முடியவில்லை.

இனிப்புச் சேர்த்த கெட்டிப்பால் வேறு வகை. அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. சிங்கப்பூரில் அதைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்றார்கள். அங்கே பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், 1939-ல் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் துணிந்து ஒரு சொற்பொழிவாற்றினார். இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிமுறையை உலக சுகாதாரப் பேரவை 1981-ல் ஏற்றது. இந்தியாவில் 1992-ல் சட்டமே வந்தது. குழந்தைப் பால் மாவு டின்களின் மேல் குழந்தையின் படமோ தாயின் படமோ போடக்கூடாது. அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போகும்போது கவனித்துப் பாருங்கள்.

எந்த வயதில் எது?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு மருத்துவர் சொல்லும் வழிதான் வழி. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. மும்பையின் சயான் மருத்துவமனையில் 1989-லேயே ஒன்று தொடங்கப்பட்டது.

ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த சோறு, பருப்பு, கேழ்வரகுக் கூழ், கீரை, மசித்த பழம், முட்டை, மீன் என உணவு தொடங்க வேண்டும். தாய்ப்பாலும் தொடர வேண்டும். இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் கொடுக்கலாம். தாய்ப்பால் இல்லையானால், 6 முதல் 11 மாதம் வரை குழந்தைப் பால் மாவோ விலங்குப் பாலோ கொடுக்கலாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. விலங்குப் பால் என்றால் இரும்புச்சத்துள்ள உணவு கட்டாயம் வேண்டும். ஆகவேதான், பசும்பாலை முக்கிய பானமாக்க ஒரு வயது வரை பொறுக்கும்படி மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள்.

ஒரு வயதுக்கு மேல் காய்ச்சி ஆறவைத்த சாதாரணப் பாலே போதும். வளரும் குழந்தைக்கென்று விற்கும் விலையுயர்ந்த தனி மாவு தேவையில்லை. பாக்கெட் பாலில் கொழுப்பு 1.5 சதவீதம், 3 சதவீதம், 4.5 சதவீதம், 6 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். இரண்டு வயது வரை கொழுப்பு நீக்கிய பால் வேண்டாம். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேலும் வேண்டாம். பாலே வயிற்றை நிரப்பினால் சோற்றுக்கும் பருப்புக்கும் இடமிருக்காது. டீயும் காபியும் குழந்தைக்கு ஆகா; டீ இரும்பைத் தடுக்கும்.

ஊட்டுவதற்குப் புட்டி வேண்டாம். ரப்பர் காம்பின் இடுக்குகளில் கிருமிகள் தங்கும். நம் பாட்டிமார் வைத்திருக்கும் பாலாடையும் சங்கும் திறந்த வாயுடையவை. கழுவுவதும் வெந்நீரில் கொதிக்கவைப்பதும் சுலபம்.

பாலோடு முடிந்துவிடவில்லை

மேலே சொன்ன சிசிலி வில்லியம்ஸ், சிங்கப்பூருக்கு வருமுன் இன்றைய கானா நாட்டில் பணியாற்றியவர். அங்கே கை கால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் செம்பட்டையாகி வந்த குழந்தைகளைக் கண்டார். அவ்வூர் மக்கள் கா மொழியில் இந்நோயைக் 'குவாஷியார்கர்' என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் மடியிலிருந்து இறக்கப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அக்குழந்தைகளுக்குத் தாய்ப்பால் நின்றபின் கிடைத்தது மக்காச்சோளக் கஞ்சி மட்டுமே. நோயின் பெயரிலேயே அதன் காரணத்தை அம்மக்கள் சொல்லிவைத்திருந்தார்கள்!

ஆகவே, நண்பர்களே, "எந்தப் பால்?" என்று வீட்டில் பேச்சு எழுந்தால் நீங்கள் மூன்று கேள்விகள் கேளுங்கள். பாப்பாவுக்கு எத்தனை மாதம்? பாலில் தண்ணீர் கலக்கிறோமா? பாலோடு பருப்பும் கீரையும் முட்டையும் கொடுக்கிறோமா? மடியிலிருந்து இறங்கும் குழந்தைக்குத் தட்டில் நல்ல உணவு காத்திருக்க வேண்டும்.