கரித்தூளும் கிராஃபீனும்

பள்ளியில் படித்த நாளில், தீர்ந்துபோன டார்ச் விளக்கு பாட்டரி ஒன்றைக் கல்லால் தட்டி உடைத்தேன். கையெல்லாம் கறுப்பாகி, பாட்டியிடம் வசவு வாங்கியதுதான் மிச்சம். அந்தக் கறுப்புக் குழம்பு என்னவென்பதைப் பின்னர் வேதியியல் வகுப்பில்தான் அறிந்தேன்.

அது மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்த கலவை. மின்சாரம் தரும் வினையில் பங்கேற்பது ஆக்சைடு. ஆனால் அது மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதற்காகவே கரித்தூள் துணைக்கு வந்தது. பிரான்சு நாட்டு லெக்லாஞ்சே 1866இல் அமைத்த மின்கலத்திலிருந்தே இந்தக் கூட்டு தொடர்கிறது. இன்று உலகெங்கும் ஆராயப்படும் கிராஃபீன்–உலோக ஆக்சைடு கூட்டுப்பொருள்களும் இதே உறவின் வளர்ச்சிதான்.

கிராஃபீன் என்பது ஓர் அணு கனமே உள்ள கார்பன் ஏடு. பென்சிலில் உள்ள கிராஃபைட்டு இத்தகைய ஏடுகளின் அடுக்காகும். 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கைம், நோவோசெலோவ் ஆகியோர் சாதாரண ஒட்டுநாடாவைக் கொண்டே இந்த ஏட்டை உரித்தெடுத்தனர். 2010இல் நோபல் பரிசும் பெற்றனர். கணக்கின்படி ஒரு கிராம் கிராஃபீனின் பரப்பு 2,630 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 65 சென்ட் நிலம்!

இவ்வளவு பரப்பிருந்தும் ஒரு குறை உண்டு. நனைந்த நோட்டின் தாள்களைப்போல் ஏடுகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இடையிடையே ஆக்சைடுத் துகள்களை வளர்த்தால் அவை ஏடுகளை விலக்கி நிறுத்துகின்றன. ஏடுகள் ஆக்சைடுக்கு மின்சாரப் பாதையாகின்றன. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது.

இக்கூட்டுப்பொருள் மீமின்தேக்கிகளின் மின்வாயாகப் பயன்படக்கூடியது. மீமின்தேக்கி சில நொடிகளில் மின்னேற்றம் பெறும். இலட்சக்கணக்கான முறை உழைக்கும். ஆனால் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கிலோவுக்கு 10 வாட் மணிக்கும் குறைவாகவே தேக்குகின்றன. லித்தியம் அயனி மின்கலமோ 150 முதல் 250 வரை தேக்கும். இந்த இடைவெளியைக் குறைப்பதே ஆய்வாளரின் நோக்கம். ஆனால் ஆக்சைடு, மின்னேறி இறங்கும்போதெல்லாம் விரிந்து சுருங்கி நாளடைவில் உதிர்வதும், நல்ல கிராஃபீனின் விலையும் இன்னும் தடைகளாக உள்ளன.

இத்துறையில் நாட்டம் கொண்டோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. கிராஃபைட்டு கிடைக்கும் சிவகங்கையும் அதற்கு அருகில்தான்.

நம் ஜெயங்கொண்டம் மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி உறங்குகிறது. அதிலும் கார்பனே மிகுதி. எரித்த கார்பன் ஒரே முறை வெளிச்சம் தரும். மின்வாயாக நிற்கும் கார்பனோ, பகலில் கிடைத்த வெயிலை ஒவ்வோர் இரவும் விளக்காக்க உதவும். மின்தடை இரவுகளில் தேர்வுக்குப் படித்த நமக்கு அதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?